நாற்பதடித் தமிழ்

பனியன் எழுந்து நின்று கும்பிட்டார். அதுதான் பிரச்சினை.

கிழக்கு கேலரியில் முப்பது பேர் தூக்கிப் பிடித்திருந்த துணியில், ஆளுயர மலையாள எழுத்தில், 'வெட்கம் கெட்டவனே, இறங்கிப் போ' என்று எழுதியிருந்தது. எதிர்ப்பக்கம் கண்ணாடி அறைக்குள் இருந்த டீம் முதலாளி அதை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார்.

"கண்டோ? கும்பிடறான்!" ரமேஷ்பாபுவின் தொண்டை கட்டிப்போயிருந்தது. "திட்டினா கும்பிடறான். இவனை என்னதான் செய்யறது?"

"அவருக்கு மலையாளம் வாசிக்க அறியாது சேட்டா," என்றான் சிகாபுதீன்.

"ஏழு மாட்ச் கழிஞ்சு சொல்றியே, இதை முதல்ல சொல்லக்கூடாதா?"

ரமேஷ்பாபு மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் மேஸ்திரி. 'சீனவலைப் படை' என்ற ரசிகர் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். சிகாபுதீன் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன் என்பதால் படைக்குச் செயலாளர். டீமின் பெயர் அழிமுகம் எஃப்.சி. மூன்று வருடம் முன்பு திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் அதை வாங்கினார். நல்ல ஸ்ட்ரைக்கரை விற்றார். கோச்சை நான்கு முறை மாற்றினார். டீம் கடைசி இடத்துக்கு வந்தது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் கொச்சியில் யாருக்கும் நினைவில்லை. பனியன் என்றால் பனியன்தான்.

அடுத்த ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினார்கள். மூன்றே எழுத்து: அவுட். அன்று பார்த்துப் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று மைதானத்தில் ஒரு தகராறு. பனியன் துணியைப் படித்தார். ரெஃப்ரியைப் பார்த்து விரலை ஆட்டி, "அவுட்! அவுட்!" என்று ரசிகர்களோடு சேர்ந்து கத்தினார். ஆட்டம் முடிந்ததும் டிவியில், "நானும் என்ற ரசிகருங்களும் ஒரே குரலுங்க" என்றார்.

அதற்கடுத்து எல்லோரும் கறுப்புச் சட்டையில் போனார்கள். பத்தே நாளில் அவர் கம்பெனி கறுப்பு பனியன் சந்தைக்கு வந்தது. ஸ்டேடியம் வாசலிலேயே ஸ்டால்.

கடைசியில், போகாமலே இருந்து பார்த்தார்கள். இரண்டு ஆட்டம் கேலரி காலி. பனியன் அதற்கும் டிவியில் வந்தார்.

"பேரைப் பாருங்க. அழி, முகம். அழியற முகம்! இந்தப் பேரை வெச்சுக்கிட்டு எவனுங்க ஜெயிப்பான்? கூட்டம் வராததுக்கும் இதுதானுங்க காரணம். அடுத்த சீசன்லருந்து டீம் பேரு ராயல் ரிப். கடைசி மேட்ச் அன்னிக்கு இடைவேளையில நானே மைக்குல அறிவிக்கிறேன்."

ராயல் ரிப் என்பது அவர் கம்பெனி பனியனின் பெயர்.

"ரிப்பா?" என்றான் ரமேஷ்பாபு. "அது கல்லறையில எழுதறதல்லே?"

காயல் போய்க் கடலில் விழுகிற வாய்க்கு அழிமுகம் என்று பெயர். மட்டாஞ்சேரியில் பிறந்தவர்கள் அந்தச் சொல்லை இரண்டாக உடைத்துப் பார்த்ததே இல்லை. சிகாபுதீன் தன் நிக்காஹ் தேதியையே டீமின் ஆட்ட அட்டவணையைப் பார்த்துக் குறித்தவன். டீம் தோற்கலாம், பழகிவிட்டது. பெயரே போய்விட்டால் யாருக்காகத் தொண்டை கட்டிக்கொள்வது?

கடைசி ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. சாயாக்கடையில் படை கூடியது.

"அவனுக்குத் தெரிஞ்ச பாஷையில எழுதணும்," என்றான் ரமேஷ்பாபு. "தமிழ்ல."

பதினாறு தலைகள் சிகாபுதீன் பக்கம் திரும்பின.

சிகாபுதீன் ராவுத்தர் வீட்டுப் பையன். உத்தமபாளையத்திலிருந்து மிளகு வாங்க வந்த குடும்பம், மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியிலேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ். பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் எழுத்தைப் பார்த்தால் அவனுக்கு முறுக்குத் தட்டுதான் நினைவுக்கு வரும். ஆனால் தமிழ்நாட்டு லாரிக்காரர்களுக்கு வழி சொல்லிச் சொல்லியே அந்தத் தெருவில் அவன் பெரிய தமிழ் பண்டிதன் ஆகியிருந்தான்.

"உனக்கு எழுத்தும் தெரியுமல்லே?" என்று ரமேஷ்பாபு கேட்டான்.

அப்போதே இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"பின்னே! வீட்டு பாஷையல்லே சேட்டா?"

என்ன எழுதுவது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பதினைந்து நிமிட இடைவேளையில் பனியன் இருபது நிமிடம் பேசுகிறவர். பிரேசிலிலிருந்து ஆள் வருகிறது, புது ஸ்டேடியம் வருகிறது, கோப்பை வருகிறது என்று மூன்று வருடமாக மைக்கில் மட்டும் எல்லாம் வந்துகொண்டிருந்தது. ரமேஷ்பாபு மேசையைத் தட்டிச் சொன்னான்:

"சம்சாரம் மதி, களி வேணம்!"

பேச்சு போதும், ஆட்டம் வேண்டும். அவ்வளவுதான் அர்த்தம். கூட்டம் கைதட்டியது.

"இதைத் தமிழாக்கு சிகாபே."

சிகாபுதீன் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். சுல்ஃபத் இன்னொரு கரண்டிச் சோறு போட வந்தால் அவன் "மதி" என்றுதான் கையை நீட்டுவான். அவள் ஃபோனை வைக்காமல் பேசினால் "சம்சாரம் மதியாக்கு" என்பான். பிள்ளைகள் தெருவில் ஓடினால் அது களி. எல்லாம் வீட்டில் பேசுவதுதான். வீட்டில் பேசுவது தமிழ்.

"ஆக்கறதுக்கு ஒண்ணுமில்ல சேட்டா. தமிழும் இதேதான். எழுத்து மட்டும் வேற."

"அப்படியா? நல்ல பாஷை!" என்று ரமேஷ்பாபு மனப்பூர்வமாகப் பாராட்டினான்.

கடைக்கு வந்து ஃபோனில் தேடியதில், மலையாளத்தில் அடித்தால் தமிழ் எழுத்தாக்கித் தரும் ஒரு ஆப் கிடைத்தது. நான்கு சொல்லையும் அடித்தான். நான்கு முறுக்கு வந்தது. நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. மத்தியானச் சோறு கொண்டுவந்த சுல்ஃபத்திடம் காட்டினான்.

"இது எந்தா?"

"தமிழ்."

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கல்லே பண்டிதர்!"

"எழுத்து சரியான்னு மட்டும் யார்கிட்டயாவது கேக்கணும்."

"யார்கிட்டயாவது கேளுங்க. தெருவுல கேக்காதீங்க, மானம் போகும்."

அதனால் அவன் பஸ் பிடித்து எர்ணாகுளம் போனான். பிராட்வேயில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பேச்சியக்கா சங்கரன்கோவில்காரி. முறத்தில் தமிழ் பேப்பர் விரித்திருந்தாள். அதுவே தகுதி.

"அக்கா, இதுல எழுத்துப் பிழை இருக்கான்னு பாக்கணும்."

பேச்சி ஃபோனைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தாள். "சம்சாரம் மதி. களி வேணம்." அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். "'வேணும்'னு போடணும். மத்ததெல்லாம் சரிதான். ஏம்ப்பா, வீட்டுல சண்டையா?"

வீடு என்று அவள் டீமைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தான் சிகாபுதீன். அவன் நெஞ்சு நிறைந்துவிட்டது.

"சண்டைதான் அக்கா. மூணு வருஷமா."

"மூணு வருஷமாவா! பெரியவங்க யாரும் பேசி முடிச்சு வைக்கலியா?"

"எல்லாம் பேசியாச்சு. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் இதை எழுதிக் காட்டப் போறோம்."

"எல்லார் முன்னாடியுமா?" பேச்சிக்குக் கண் கலங்கியது. "உனக்கு நல்ல மனசு தம்பி. ஆம்பளைக்கு இது லேசுல வராது. அது சரி, களியும் வேணுங்கியே?"

"களி இல்லாம என்னக்கா வாழ்க்கை?"

"அதுவும் சரிதான். இடுப்புக்கு நல்லது."

ஓடி ஆடினால் இடுப்புக்கு நல்லதுதானே என்று அவனும் தலையாட்டினான். பேச்சி இரண்டு முழம் மல்லிகையை இலையில் சுற்றி அவன் கையில் வைத்து அழுத்தினாள். காசு வேண்டாம் என்றாள். எதற்கென்று புரியாமலே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

சுல்ஃபத் பூவைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"கல்யாணம் கழிஞ்சு ஆறு வருஷம். ஒரு இதழ் வாங்கித் தந்ததில்ல. என்ன தப்பு செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. எழுத்து பார்க்கப் போன இடத்துல ஒரு பெண்ணு தந்தா."

அன்று அவனுக்கு இரவுச் சாப்பாடு அவனே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கேலரி நிரம்பி வழிந்தது. பெயர் போவதற்கு முன் கடைசியாக ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டுப் போக வந்த கூட்டம். நாற்பதாவது நிமிடத்தில் ரமேஷ்பாபு விசிலடித்தான். நாற்பதடி ஃப்ளெக்ஸ் கேலரியின் மேல்படியிலிருந்து கீழே உருண்டு விரிந்தது. மஞ்சளில் கறுப்பு. ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆள் படுக்கிற அளவு.

சம்சாரம் மதி! களி வேணும்!

பனியன் பார்த்தார். கும்பிடவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. உதடு அசைந்தது. வாசிக்கிறார்!

"வாசிச்சுட்டான்!" ரமேஷ்பாபு துள்ளினான். "முகத்தைப் பாருடா! கொண்டது, நல்லா சுருக்குன்னு கொண்டது!"

பனியன் பக்கத்தில் எப்போதும் ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி அன்று ஃபோனைக் கீழே வைத்தார். எழுந்து கண்ணாடிக்கு அருகில் வந்து நின்று வாசித்தார். ஒரு கணம் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார். கேலரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. பனியன் சிறிது சிறிதாக நாற்காலிக்குள் இறங்குவது மட்டும் தெரிந்தது.

இடைவேளை விசில் அடித்தபோது, வெள்ளை யூனிஃபார்மில் ஒரு நடுவயது ஆள் படியேறி மூச்சிரைக்க வந்தார்.

"இங்க தமிழ் எழுதுனது யாரு? நான் ஒச்சப்பன், மொதலாளியோட டிரைவர். எழுதுனவரை மேல கூப்பிடறாக."

சீனவலைப் படை ஒரே குரலில் சிகாபுதீனைக் காட்டிக் கொடுத்தது.

கண்ணாடி அறைக்குள் குளிர் தாங்கவில்லை. பனியன் மேசைக்குப் பின்னால் இருந்தார். சோபாவில் அவர் மனைவி செல்வலட்சுமி.

"நீதான் எழுதுனதா?"

"ஆமா சார்." ஒன்பது நாளாகப் பொத்திவைத்த வீரத்தை வெளியே எடுத்தான். "படையோட தீர்மானம் சார்."

"என்ற சம்சாரத்தை நான் மதிக்கறதில்லைன்னு உனக்கு யாருப்பா சொன்னது?"

சிகாபுதீன் அந்தச் சொல்லை மனசுக்குள் திருப்பிப் பார்த்தான்.

சம்சாரம். ஒருமுறை திண்டுக்கல் லாரி டிரைவர் ஒருவர் "சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு தம்பி" என்று சொன்னபோது, தொண்டை கட்டிவிட்டது போல என்று அவருக்கு இஞ்சி மிட்டாய் வாங்கிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அவர் ஏன் அப்படி முறைத்தார் என்பது இப்போதுதான் விளங்கியது. பேச்சியக்காவின் கண் ஏன் கலங்கியது என்பதும்.

"அதென்ன கடைசியில, களி வேணும்? என்னை ஜெயிலுக்கு அனுப்பறீங்களாக்கும்?"

"ஐயோ, இல்ல சார். இது அந்தக் களி இல்ல."

"எந்தக் களி? கேப்பக்களியா?"

"களிக்கிற களி சார்!"

"தின்னாத்தானே களி!"

சொல்லிவிடுவதுதான் நல்லது என்று சிகாபுதீன் முடிவு செய்தான். "சார், தப்பா எடுக்காதீங்க. சம்சாரம்னா இங்க வேற. நீங்க சம்சாரம் கொஞ்சம் அதிகம் சார். எங்களுக்கெல்லாம் தெரியும். அது மதின்னுதான்…"

"அதிகமா?" பனியன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "டேய், எனக்கு இருக்கறது ஒரே சம்சாரம்டா!"



"அதிகம்னு சொல்றாரு," என்றார் செல்வலட்சுமி. "எல்லாருக்கும் தெரியுமாம்."

"செல்வி, இவன் ஒளர்றான்."

"முன்ன பின்ன தெரியாதவரு எதுக்குங்க ஒளறணும்?"

"மேடம், நான் சொல்ல வந்தது என்னான்னா…" என்று சிகாபுதீன் ஆரம்பித்தான்.

"நீங்க சும்மா இருங்க. சரியாத்தான் எழுதியிருக்கீங்க." அவர் கணவர் பக்கம் திரும்பினார். "பேரை மாத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? ஒரு தடவையாச்சும் காதுல வாங்குனீங்களா? இப்பப் பாருங்க, பன்னெண்டாயிரம் பேரு நாப்பதடிக்கு எழுதிக் காட்டறாங்க. கிளப்புல முக்காவாசிப் பங்கு யாரு பேருல இருக்கு?"

"அது வரிக்காக உம்பேர்ல…"

"எதுக்காகன்னு கேக்கலீங்க. யாரு பேர்லன்னு கேட்டேன்."

பனியன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். அங்கே நாற்பதடி மஞ்சள் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாயிரம் பேர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் மடித்து வைத்திருந்த பேச்சுக் காகிதத்தை மெல்ல மேசைமேல் வைத்தார்.

"மைக்கைக் குடுங்க," என்றார் செல்வலட்சுமி.

மைதானத்துக்கு நடுவே வழக்கமாகப் பனியன் நிற்கும் இடத்தில் அன்று செல்வலட்சுமி நின்றார். கேலரி ஊளையிடத் தயாராக மூச்சை இழுத்தது. அவர் அந்தப் பெயரைக் கணவரைப்போல் இரண்டாக உடைக்கவில்லை. ஒரே மூச்சில் சொன்னார்:

"அழிமுகம் அழிமுகம்தான். இனிமே நான் பாத்துக்கறேன்."

இரண்டே வாக்கியம். கொச்சி கேட்ட மிகச் சிறிய இடைவேளைப் பேச்சு அது.

அதன் பிறகு எழுந்த சத்தத்தில், கொச்சிக் கரையில் மீன் பிடிக்க இறக்கியிருந்த சீனவலைகள் தாமாகவே தூக்கிக்கொண்டன என்று மட்டாஞ்சேரியில் சொல்வார்கள். இரண்டாம் பாதியில் அழிமுகம் மூன்று கோல் போட்டது. அதில் ஒன்று சொந்த வலையில். அன்று அதற்கும் கைதட்டினார்கள். சிகாபுதீனைத் தோளில் தூக்கி வைத்து, ஸ்டேடியம் வாசலில் கறுப்பு பனியன் ஸ்டாலை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். சுல்ஃபத்துக்கு யாரோ வீடியோ அனுப்பினார்கள். அன்று அவள் சோறு போட்டாள். அவன் மதி என்று சொல்லும்வரை போட்டாள். அவன் நெடுநேரம் சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் பழைய ஸ்ட்ரைக்கர் திரும்பி வந்தான். கோச் மாறவில்லை. மைதானத்தில் புதுப் புல். பனியன் திருப்பூரில் பனியனை மட்டும் பார்த்துக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாக இருந்தது, சிகாபுதீனைத் தவிர. தெருவில் அவனைத் 'தமிழ் மாஷ்', அதாவது தமிழ் வாத்தியார், என்றார்கள். சனிக்கிழமைதோறும் கடையில் தமிழ் வகுப்பு எடுக்கச் சொல்லி ரமேஷ்பாபு உட்பட பதினான்கு பேர் நோட்டு வாங்கி வைத்திருந்தார்கள். யார் பாராட்டினாலும் அவன் பேச்சை மாற்றினான். வென்றது அவர்களுடைய வாக்கியம் இல்லை. அது சொல்லாத ஒன்று வென்றிருக்கிறது. ஒருநாள் யாராவது அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொன்னால்? கோபத்தில் எல்லாவற்றையும் மறுபடி கணவர் கையில் கொடுத்துவிட்டால்? ராயல் ரிப்!

புது சீசனுக்கு ஃப்ளெக்ஸ் ஆர்டர் கொடுக்க ஒச்சப்பன் கடைக்கு வந்தார். சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, சிகாபுதீன் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"அண்ணே, ஒரு காரியம் சொல்லணும். சொல்லலைன்னா எனக்கு உறக்கம் வராது."

"சொல்லுங்க."

"அன்னிக்கு நான் எழுதினது தமிழே இல்ல. எங்க வீட்டுத் தமிழ். மலையாளம்னே வெச்சுக்கோங்க. பேச்சு போதும், ஆட்டம் வேணும்னுதான் அர்த்தம். சம்சாரத்தை மதின்னு நான் எழுதவே இல்லண்ணே. அம்மா பாவம், அவங்களுக்காக எழுதினேன்னு நம்பிட்டு இருக்காங்க. வேற யாராவது சொல்றதுக்கு முன்ன, நீங்களே பக்குவமா அவங்ககிட்ட சொல்லிருங்க."

ஒச்சப்பன் சாயாவைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குனிந்து ஷட்டருக்கு வெளியே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"அம்மா இதே கொச்சியில, பள்ளுருத்தியில பொறந்து, பத்தாவது வரைக்கும் மலையாளத்துல படிச்சவுகண்ணே, நீங்க எழுதுனத அவுக சரியாத்தான் வாசிச்சாக, தமிழ் அர்த்தம் ஐயாவுக்குச் சொன்னது."